மூத்தவர் துணையா, 14416 அழைப்பா?

உதகை அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. அதுபோன்ற இடத்தில் மருத்துவமும் ஆராய்ச்சியும் சேர்த்துப் படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்குச் சுமை இரட்டிப்பு. யார் தாங்குவது? அதே படிப்பில் முன்னே போன மூத்தவரா, மனநல உதவி எண்ணா?

அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416 இலவசம். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றினால் தயங்காமல் உடனே அழைக்க வேண்டும்.

ஆனால் ஆய்வுக் கட்டுரை திரும்பி வந்துவிட்டது, கூடப் படித்தவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள், நாம் இன்னும் மாணவர்தான் என்ற வலி, அதே பாதையில் போனவருக்குத்தான் சட்டென்று புரியும். குன்னூரில் 1907 முதல் தடுப்பூசி ஆய்வு செய்யும் பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. ஆய்வு தெரிந்தவர்கள் தூரத்தில் இல்லை. மாதம் ஒருமுறை டீயோடு உட்கார்ந்து பேசினாலே போதும். ஒன்று மட்டும்: மதிப்பெண் போடுபவர் அந்தத் துணையாக இருக்கவே கூடாது. அன்றாடத்துக்கு என் தேர்வு மூத்தவர்தான்.