ஜாம் பாட்டிலா, டின்னா, தண்ணீர் டம்ளரா?

பாலக்கோடு பக்கம் சித்திரை, வைகாசியில் மழைக்கு முன்னால் ஒரு காற்று அடிக்கும். மாங்காயும் உதிரும், கரண்டும் போகும். போன வருடம் அப்படி ஒரு வாரத்தில் இன்வெர்ட்டரும் படுத்துவிட, வீட்டில் கிடந்த சாமான்களை வைத்து சமையல் எண்ணெயில் எரிகிற மூன்று மாதிரி விளக்கு செய்து பார்த்தேன்.

முதலில் எல்லாரும் செய்கிற ஜாம் பாட்டில். மூடியில் ஆணியால் ஓட்டை, பழைய வேட்டிக் கிழிசலில் திரி. பார்க்க அழகுதான். ஏற்றின ஐந்தே நிமிடத்தில் சுடர் சுருங்கி, திரி கருக ஆரம்பித்தது. இந்த வடிவமே மண்ணெண்ணெய்க்கு ஆனது. மண்ணெண்ணெய் நீர்த்தது, திரியில் விறுவிறுவென ஏறும். கடலை எண்ணெய் கெட்டி. இரண்டு மூன்று செ.மீ. ஏறுவதற்குள் திணறிவிடும். கழுத்துவரை ஊற்றினால் எரிகிறது, எண்ணெய் இறங்கினதும் பழைய கதை.

"அப்போ சீமெண்ணெயே ஊத்திடேன்பா" என்றார் பக்கத்து வீட்டு மாமா. நான் ஊற்றவில்லை. மண்ணெண்ணெய் ஆவி 40 டிகிரி சூட்டை ஒட்டியே பற்றிக்கொள்ளும். சமையல் எண்ணெய் பற்ற 200 டிகிரியைத் தாண்ட வேண்டும். பூனை தட்டிவிடுகிற வீட்டில் இது சின்ன விஷயமா?

டின் பரவாயில்லை. அடியிலிருந்து 3 செ.மீ. விட்டு வெட்டி, விளிம்பை உள்ளே மடித்துவிட வேண்டும்; என் கட்டைவிரல் அதை மறந்து பாடம் படித்தது. திரியை அகல் போல ஓரத்தில் சாய்த்தால் எண்ணெய் வெளியே கசிந்து தரையெல்லாம் பிசுக்கு. கட்டுக்கம்பியைத் திரியில் நாலு சுற்றுச் சுற்றி, கால் மடக்கி நடுவில் நிறுத்தினேன், கசிவு நின்றது. தகரம் சூடேறி எண்ணெயையும் இளக்குவதால் சுடர் நன்றாக நிற்கிறது. கீழே ஒரு ஓட்டுத்துண்டு வைக்காவிட்டால் மேசையில் வட்டம் விழும்.

கொட்டாங்குச்சி? ஓரமே பற்றிக்கொள்கிறது. விட்டுவிட்டேன்.

எனக்குப் பிடித்தது தண்ணீர் டம்ளர். அகல வாய்க் கண்ணாடி டம்ளரில் முக்கால் தண்ணீர், மேலே ஒரு விரல் எண்ணெய், தக்கைத் துண்டில் ஓட்டை போட்டுச் சொருகின பஞ்சுத் திரி. தக்கை எண்ணெயோடு சேர்ந்தே இறங்குவதால் சுடருக்கும் எண்ணெய்க்கும் இடைவெளி மாறுவதே இல்லை. எண்ணெய் தீர்ந்ததும் திரி தண்ணீரில் தொட்டு, சடசடத்து, தானே அணைந்துவிடும். காற்றுக்கு மட்டும் ஆகாது, திண்ணைக்கு டின்தான்.

படிக்கிற வெளிச்சம் எதிலும் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எண்ணெயில் என் ஓட்டு விளக்கெண்ணெய்க்கு: நிதானமாக எரியும், கரி குறைவு. வடை சுட்ட எண்ணெயைத் துணியில் வடிகட்டாமல் ஊற்றினால் கசண்டு திரியை அடைத்துவிடும். தேங்காய் எண்ணெய் இங்கே சரி. குளிர் அதிகமான தேன்கனிக்கோட்டையில் அக்கா வீட்டில் மார்கழியில் அது கட்டியாக உறைந்துவிடும். அடுப்போரம் சீசாவை வைத்து உருக்கித்தான் ஊற்றுகிறாள்.