பேரலாய்டு பி-72: வேலூர் வெயிலில் ஒட்டு நிற்குமா?

பெரிய ஜவ்வரிசி அளவில், கண்ணாடி போலத் தெளிவான உருண்டைகள். வாசனை ஏறக்குறைய இல்லை. பழைய புத்தகங்களில் ‘அக்ரிலாய்டு பி-72’ என்றிருப்பதும் இதுவேதான். எத்தில் மெத்தாக்ரிலேட்டும் மெத்தில் அக்ரிலேட்டும் சேர்ந்த, தொல்பொருள்களை ஒட்டவும் கெட்டிப்படுத்தவும் பயன்படும் அக்ரிலிக் பிசின். ஊரிஸ், முத்துரங்கம், ஆக்ஸிலியம் என்று வேலூர்க் கல்லூரிகளில் எங்கே பி.எஸ்சி. வேதியியல் படித்தாலும் சரி, அருங்காட்சியக ஆய்வகத்துக்குப் போகிற எண்ணமிருந்தால் முதலில் கை பழக வேண்டிய பொருள் இது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். உதிரும் பரப்பைக் கெட்டிப்படுத்தவும், பொருள்மேல் பதிவு எண் எழுதவும் தயங்காமல் வாங்கலாம். கனமான பானையை ஒட்டுவதற்கு, அதுவும் நம் ஊரில், இதை மட்டும் நம்பக்கூடாது.

காரணம் ஒரே எண். இந்தப் பிசின் இறுக்கம் விட்டு இளகத் தொடங்கும் வெப்பநிலை சுமார் 40 டிகிரி. கத்திரி வெயிலில் வேலூர் 40-ஐத் தாண்டுவது செய்தியே இல்லை. தகரக் கூரை போட்ட இருப்பறைக்குள் இன்னும் கூடும். பாடப்புத்தகங்கள் 20 டிகிரி அறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. போதாததற்கு, ஒட்டு காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே, பிசினைக் கரைத்த அசிட்டோன் வாரக்கணக்கில் தங்கும். அது தங்கும்வரை 40-க்குக் கீழேயே பசை இளகும். ஏப்ரலில் ஒட்டிய பானையின் தோள்பகுதி மே மாதம் ஒரு மில்லிமீட்டர் இறங்கி நிற்பது இதனால்தான். இளகிய பரப்பில் தூசியும் அப்பிக்கொள்ளும்.

மாற்று உண்டு: அதே பேரலாய்டு வரிசையில் வரும் பி-44. இது இளகுவது 60 டிகிரியில். திறந்தவெளி வெண்கலச் சிலைகளுக்குப் பூசும் இன்க்ராலாக்கின் அடிப்படையும் இதுதான். ஆனால் தனியாகப் போட்டால் நொறுங்கும் தன்மை அதிகம். அதனால் இரண்டையும் தனித்தனியே அசிட்டோனில் கரைத்து, பி-72 மூன்று பங்கு, பி-44 ஒரு பங்கு என்று கலப்பது வெப்ப நாட்டு அகழாய்வுக் களங்களில் உள்ள வழக்கம். வேலூருக்கு இந்தக் கலவைதான் சரி.

கரைப்பதில்தான் பாதிப் பேர் சொதப்புகிறார்கள். உருண்டைகளை ஜாடியில் கொட்டி மேலே அசிட்டோன் ஊற்றினால் அடியில் பாறைபோல ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு கிளறினாலும் அசையாது. மஸ்லின் துணியில் முடிந்து, அசிட்டோனின் மேல்பாகத்தில் மூழ்கும்படி தொங்கவிட்டு, மூடி, ஓர் இரவு விடுங்கள். கரைந்த பிசின் கனமானதால் தானாகக் கீழே இறங்கும். கண்ணாடி ஜாடிதான் வேண்டும். தெர்மாகோல் கப் கரைந்தே போகும். நைட்ரைல் கையுறையும் அசிட்டோனுக்குச் சில நிமிடங்கள்தான் தாங்கும். அடுப்போ சுவிட்சோ பக்கத்தில் இருக்கக்கூடாது.

அளவு: கெட்டிப்படுத்த 3 முதல் 5 சதவீதம், எண் எழுத 10 முதல் 15, ஒட்டுவதற்குப் பிசினும் அசிட்டோனும் எடையில் பாதிக்குப் பாதி.

பையம்பள்ளி போன்ற அகழாய்வு இடங்களில் கிடைக்கும் கறுப்பு-சிவப்புப் பானை ஓட்டை எடுத்துக்கொள்வோம். முதலில் உப்பு. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, அந்த நீரில் சிறிது நைட்ரிக் அமிலமும் இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட்டும் விட்டுப் பாருங்கள். வெண்மையாகக் கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது. உப்பு போகுமுன் பிசின் ஏற்றினால், அந்த உப்பு உள்ளே படிகமாகிப் பரப்பையே உரித்துத் தள்ளும். ஓடு நன்றாகக் காய்ந்தபின் உடைந்த விளிம்புகளில் 5 சதவீதக் கரைசலை ஒரு பூச்சு. இதைச் செய்யாமல் விட்டால் ஓடு பசையைக் குடித்துவிடும், ஒட்டு பட்டினி கிடக்கும். பிறகு ஒரு விளிம்பில் மட்டும் கெட்டிப் பசை தடவி, அழுத்தி, பிரித்து, சில நொடி விட்டு மீண்டும் அழுத்துங்கள். கழுவிச் சலித்த ஆற்று மணல் தட்டில், ஒட்டின்மேல் பாரம் நேராக இறங்கும்படி நிறுத்துங்கள். பாலாற்றில் மணல் மிச்சமிருந்தால்!

ஐப்பசி, கார்த்திகையில் வேறு தொல்லை. அசிட்டோன் வேகமாக ஆவியாகிப் பரப்பு குளிர, காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சு வெளுத்துவிடும். எத்தில் அசிட்டேட் கொஞ்சம் கலந்தால் ஆவியாவது மெதுவாகும். கடையில் விற்கும் ஸ்பிரிட் வேண்டாம். அதில் நீர் இருக்கும்.

பெவிகால் வகை வெள்ளைப் பசையும் எபாக்சியும் மலிவு, கைக்கெட்டும் தூரம். ஆனால் நாளானால் எபாக்சி மஞ்சளித்து, எடுக்க முடியாமல் போகும். வெள்ளைப் பசை அசிட்டிக் அமிலம் விடும். பி-72-ஐ எத்தனை வருடம் கழித்தும் அசிட்டோன் தொட்ட பஞ்சால் எடுக்கலாம். ராபர்ட் ஃபெல்லரின் ஒளிச் சோதனைகளில் 100 ஆண்டுக்கு மேல் தாங்கும் முதல் வகுப்பில் வந்த பிசின் இது. இப்படிச் சோதிப்பது தொல்பொருள் பாதுகாப்பு விஞ்ஞானியின் வேலை. ஒட்டுவது தொல்பொருள் பாதுகாப்பாளர் வேலை. இரண்டுக்கும் படிப்பு வேறு. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதி ஆய்வகம் 1930-லிருந்து இயங்குகிறது. லக்னோவிலும் டேராடூனிலும் மத்திய அரசு ஆய்வகங்கள் உண்டு. வாய்ப்பு கேட்கப் போகுமுன் மேலே சொன்ன அளவுகள் கையில் இருக்கட்டும்.

எண் எழுதும்போது ஓட்டின் உட்புறம் ஒரு சிறு பட்டை பூசி, முழுதும் காய்ந்தபின் இந்தியன் இங்க்கில் எழுதுங்கள். மேற்பூச்சு ஒரே இழுப்பு. திரும்பத் தேய்த்தால் அடிப்பூச்சு கரைந்து எண்ணும் கூடவே வரும். மீந்த கரைசலை வாஷ்பேசினில் ஊற்றாதீர்கள்: தண்ணீர் பட்டதும் பிசின் வெள்ளையாகத் திரண்டு குழாயை அடைத்துவிடும்.