ஒரே மழை, மூன்று அளவு: மலைக்கு எந்த மழைமானி?

கோத்தகிரிப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பத்தடி இடைவெளிக்குள் மூன்று மழைமானிகள் நிற்கின்றன. முதலாவது மாமா வைத்தது: புனல், அடியில் ஒரு கேன், அளக்க ஒரு கண்ணாடிக் குவளை. இரண்டாவது நான் வாங்கிய டிப்பிங் பக்கெட், தண்ணீர் நிரம்பிச் சாயும் ஒவ்வொரு முறையையும் எண்ணும் கருவி. மூன்றாவது, அசையும் பாகமே கிடையாது என்ற விளம்பரத்தில் மயங்கி வாங்கிய பீசோ கருவி, துளி மோதும் அதிர்வை வைத்து மழையைக் கணக்கிடுவது. காலை எட்டரைக்குப் போய்ப் பார்த்தால் மூன்றிலும் மூன்று எண்கள் இருக்கும். எதை எழுதுவது என்று வீட்டில் தினமும் ஒரு சின்னப் பஞ்சாயத்து. எஸ்டேட்டில் வேலைகளை மேற்பார்க்கும் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் மாமா. அவர் தீர்ப்பு மட்டும் மாறாது: "தண்ணி கண்ணுக்குத் தெரியுதுல்ல மாப்ளே, அதுதான் கணக்கு."

அவர் சொல்வதில் பாதிதான் சரி. மழைமானி வாங்கப் போகிறவர்கள் எது துல்லியம் என்று கேட்கிறார்கள். எது எந்த மழையில், எந்தப் பக்கமாகத் தவறும் என்று கேட்டால் பதில் உருப்படியாகக் கிடைக்கும். நம் மலையில் மழை ஒரே மாதிரிப் பெய்வதில்லை. அவலாஞ்சி, நடுவட்டம், கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடியில் காற்றோடு அடிக்கும் தென்மேற்கு. குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் வடகிழக்கு. இரண்டுக்கும் நடுவே நாள்கணக்கில் மூடிக்கிடக்கும் மேகமும் சாரலும். கடைக்காரர் காட்டும் அட்டையில் இருக்கும் துல்லியம் இவை எதையும் பார்த்து எழுதியதில்லை.

கேனில் தொடங்குவோம். பேட்டரி வேண்டாம், சிக்னல் வேண்டாம், ஏமாற்றும் மென்பொருளும் இல்லை. விழுந்த தண்ணீர் அப்படியே இருக்கிறது. சந்தேகம் வந்தால் மறுபடி அளக்கலாம். ஆனால் அதற்குக் கொள்ளளவு என்று ஒன்று உண்டு. வாய் 200 சதுர செ.மீ., கேன் 4 லிட்டர் என்றால் 200 மி.மீ. மழையில் அது நிரம்பிவிடும். 2019 ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் பதிவானது 820 மி.மீ. அந்த மழைக்கு இப்படிப்பட்ட கேன்கள் நான்கு நிரம்பி, மிச்சத்துக்கு ஐந்தாவதைத் தேட வேண்டியிருக்கும். தென்மேற்குச் சரிவில் இருப்பவர்கள் பெரிய கேன் வைக்க வேண்டும், இல்லையென்றால் ராத்திரியே எழுந்து போய் ஒருமுறை அளந்து ஊற்ற வேண்டும்.

இன்னொரு குறை, கேன் ஒரு நாளைக்கு ஒரே ஒரு எண்தான் சொல்லும். 60 மி.மீ. பெய்தது என்றால், அது ராத்திரி முழுக்கத் தூறியதா, நாற்பது நிமிடத்தில் கொட்டித் தீர்த்ததா என்று தெரியாது. செடிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம். சரிவுக்கு அப்படி இல்லை. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி வட்டாரத்தில் மண் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு மழையின் வேகம் ஏன் முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை. 2020-இல் நீலகிரிக்கு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை மண்சரிவு முன்னறிவிப்பைச் சோதனை முறையில் தயாரிக்கத் தொடங்கியது. இந்த மாதிரி வேலைக்கெல்லாம் காலை எட்டரை மணியின் ஒற்றை எண் போதாது.

அங்கேதான் டிப்பிங் பக்கெட் வருகிறது. புனலுக்குக் கீழே சீசாப் பலகை மாதிரி இரண்டு சிறு குழிவுகள். ஒன்று நிரம்பினால் சாய்ந்து கொட்டும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு காந்தம் சுவிட்சைத் தட்ட, ஒரு எண் கூடும். சாய்வுக்கு 0.2 மி.மீ. என்பது பரவலான அளவு. சிலவற்றில் 0.254. இது ஏன் இப்படி ஒரு விநோத எண் என்று யோசித்தேன், மாமாதான் பிடித்தார். ஒரு அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு, அதாவது பழைய எஸ்டேட் கணக்கில் ஒரு சென்ட் மழை! அன்றைக்கு மட்டும் அந்தக் கருவி மேல் அவருக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

இதன் பலவீனம் அதன் அசைவிலேயே இருக்கிறது. வாளி சாயத் தொடங்கி நடுக்கோட்டைத் தாண்டும் வரை, மேலிருந்து வரும் தண்ணீர் ஏற்கெனவே நிரம்பிய பக்கத்திலேயே விழுந்து கணக்கில் வராமல் போகிறது. அதற்கு அரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 120 மி.மீ. வேகத்தில் கொட்டினால் நொடிக்கு 0.033 மி.மீ.; ஒவ்வொரு சாய்விலும் 0.017 மி.மீ. கைநழுவும். 0.2-இல் அது சுமார் 8 சதவீதம். தூறலில் இந்த இழப்பு தெரியவே தெரியாது. எந்த மழையை அளக்க இதை வாங்கினோமோ, அந்த மழையில்தான் அது குறைத்துச் சொல்கிறது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். புனல் வாயின் விட்டம் 20 செ.மீ. என்றால் பரப்பு 314 சதுர செ.மீ.; 1 மி.மீ. மழை என்பது 31.4 மி.லி. தண்ணீர். 628 மி.லி. அளந்து, ஊசித்துளை போட்ட பாட்டிலில் ஊற்றி, ஒரு மணி நேரம் சொட்ட விடுங்கள். சாய்வுக்கு 0.2 மி.மீ. உள்ள சரியான கருவி 100 முறை சாயும். அப்புறம் துளையைப் பெரிதாக்கி அதே தண்ணீரைப் பத்து நிமிடத்தில் இறக்குங்கள். இப்போது எண்ணிக்கை குறையும். எவ்வளவு குறைகிறது என்பதுதான் உங்கள் கருவியின் உண்மையான குணச் சான்றிதழ். மெதுவாக ஊற்றி மட்டும் சோதித்துவிட்டுச் சரி என்று முத்திரை குத்துவது, வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு பிரேக் பார்ப்பது போல. நான் வாங்கிய கடையில் தந்த சோதனைச் சீட்டு அந்த ரகம்தான்.

உலக வானிலை அமைப்பு இதை விரிவாகவே செய்து பார்த்திருக்கிறது. முதலில் ஆய்வகச் சோதனை. பிறகு 2007 அக்டோபரிலிருந்து 2009 ஏப்ரல் வரை இத்தாலியின் விக்னா டி வால்லேயில் 30 வகை மானிகளைத் திறந்த வெளியில் ஒன்றாக நிறுத்தி ஒப்பிட்டார்கள். வேகத்துக்கு ஏற்ப எண்ணிக்கையைத் திருத்தும் வசதி கொண்ட டிப்பிங் பக்கெட்டுகளும், சேர்ந்த தண்ணீரின் எடையைப் பார்க்கும் மானிகளும் நன்றாக வந்தன. தண்ணீரைச் சேகரிக்காமல் துளியை வைத்து ஊகிக்கும் கருவிகள் பின்தங்கின. அந்தச் சோதனையில் நீதிபதி யார் தெரியுமா? குழிக்குள், வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி புதைத்த மானிகள்.

ஏன் குழி? காற்று. உயரத்தில் நிற்கும் மானி தானே ஒரு தடை. அதன் வாய்க்கு மேல் காற்று வேகமெடுத்துச் சின்னத் துளிகளைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். 1861-இலேயே இதை விளக்கி எழுதியவர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ், பிற்காலத்தில் பொருளாதார அறிஞராகப் பெயர் பெற்ற அதே ஜெவன்ஸ். காற்றால் மழை அளவில் 2 முதல் 10 சதவீதம் வரை போகலாம் என்கிறது உலக வானிலை அமைப்பின் வழிகாட்டி. பார்வைக்கு வசதி என்று ஃபேக்டரி மாடியிலும் வீட்டு மொட்டை மாடியிலும் மானி வைக்கிறார்கள். நூற்று அறுபது வருடத்துக்கு மேலாகத் தெரிந்த தவறு இது. மாமாவின் கேனும் இந்த விஷயத்தில் தப்பவில்லை. கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர் உண்மைதான், கேனுக்குள் வராமல் போன தண்ணீர் கண்ணுக்குத் தெரிவதில்லையே.

பீசோ கருவியிடம் நான் ரொம்ப எதிர்பார்த்தேன். சில்வர் ஓக் இலை புனலை அடைக்காது, சிலந்தி கூடு கட்டாது. துளி தகட்டில் மோதும் அதிர்வை மின்சாரமாக்கி, அதிலிருந்து மழையைக் கணக்கிடும். சிக்கல் அந்தக் கணக்கில்தான். 2 மி.மீ. துளி ஒன்றில் இருக்கும் தண்ணீர், 1 மி.மீ. துளிகள் எட்டில் இருப்பதற்குச் சமம். ஆனால் பெரியது நொடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில் வந்து மோதும், சின்னது நான்கு மீட்டரில். ஒரே தண்ணீர், வேறு வேறு தட்டல். துளிகளின் அளவு இன்ன விகிதத்தில் இருக்கும் என்று நினைத்துத்தான் கருவியைத் தயாரிக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் பருவமழையோ சின்னத் துளிகள் ஏராளமாகக் கொண்டது. மகாபலேஸ்வரத்தில் புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் துளிகளின் அளவைப் பார்க்கும் துளிமானி வைத்து இதைக் காட்டியிருக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் சாரல் நாள்களில் கேனில் தண்ணீர் இருக்கும், பீசோ பூஜ்யம் காட்டும். காற்றில் கம்பம் ஆடினால் இல்லாத மழையையும் எழுதும். ஒருமுறை காட்டெருமை கம்பத்தில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது. வெயில் அடித்த அந்த மத்தியானத்தில் செயலியில் நல்ல மழை!

எடை மானியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நல்ல கருவி, விலை தனி ஆளுக்குக் கட்டாது.

மொபைல் டவரை வைத்து மழை அளக்கும் யோசனை மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு டவர்களுக்கு நடுவே ஓடும் நுண்ணலை மழையில் வலுவிழக்கும். எவ்வளவு இழக்கிறது என்பதிலிருந்து வழியில் பெய்யும் மழையைக் கணக்கிடலாம். இஸ்ரேலில் ஹகித் மெஸ்ஸர் குழு 2006-இல் இதை முன்வைத்தது. 2013-இல் நெதர்லாந்தில் நாடு முழுமைக்கும் மழை வரைபடமே போட்டுக் காட்டினார்கள். ஒன்றுக்காக வைத்த கருவி இன்னொன்றை அளப்பது ஊட்டிக்குப் புதிதில்லை. காஸ்மிக் கதிர்களைப் பார்க்க வைத்த கிரேப்ஸ்-3, 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததை மியுவான் என்னும் நுண்துகள்களை வைத்துக் கண்டுபிடித்தது. டவர் முறை நம் பள்ளத்தாக்குகளைக் குறுக்கே அளக்க ஏற்றது. ஆனால் ஆன்டெனா நனைந்தாலே அளவு தவறும், நிறுவனங்கள் தரவைத் தர வேண்டும். தோட்டக்காரர் கைக்கு அது இப்போதைக்கு வராது.

ஆக, காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் கேன் வாங்குங்கள். இரண்டுக்கு இருந்தால் கேனும், வேகத் திருத்தம் உள்ள டிப்பிங் பக்கெட்டும். அவலாஞ்சிப் பக்கம் என்றால் 0.2-ஐ விடச் சாய்வுக்கு 0.5 மி.மீ. உள்ளதைப் பாருங்கள், வாளி மெதுவாக நிரம்பும், இழப்பு குறையும். சாரலே அதிகம் உள்ள இடத்துக்கு 0.2 போதும், புனலை மட்டும் வாரம் ஒருமுறை துடையுங்கள். இந்த வாங்கலில் பீசோவுக்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.

நான் இப்போது எழுதுவது இப்படி: நாளின் மொத்தம் கேனிலிருந்து, மணிவாரிப் பங்கு பக்கெட்டிலிருந்து. கேன் 62, பக்கெட் 57 என்றால் அந்த 5 மி.மீ.-ஐ எல்லா மணிக்கும் சமமாகப் பிரிப்பதில்லை. அடித்துப் பெய்த மணிக்கே பெரும்பங்கைச் சேர்க்கிறேன், பக்கெட் அங்கேதான் தவறவிட்டிருக்கும்.

பாக்கி இருப்பது குழி. ஐப்பசிக்கு முன் ஒன்று வெட்டி, வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி இன்னொரு கேனைப் புதைத்துக் காற்று எவ்வளவு திருடுகிறது என்று பார்க்க ஆசை. மாமா இடத்தைக் காட்டிவிட்டார், ஒரு சந்தேகத்தோடு: "காட்டுப்பன்னி வந்து தோண்டிட்டுப் போச்சுன்னா, அத எந்தக் கணக்குல எழுதுவ?"