நாலு வெப்கேம், ஒரு பழைய கம்ப்யூட்டர், அப்பாவின் சுவிட்ச்

இந்த மார்கழிக்கு நியூஜெர்சியில் இருந்து கிளம்பும்போது, அம்மா கேட்டிருந்த பாதாம் பாக்கெட்டுகளுக்கு நடுவே நாலு யூஎஸ்பி வெப்கேமையும் திணித்துக்கொண்டேன். வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. சென்னை நங்கநல்லூர் வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். ஹாலில் ஒரு பழைய டெஸ்க்டாப் சும்மா கிடக்கிறது. வாசல், கொல்லை, மாடிப்படி, ஹால் என்று நாலு இடத்தில் மாட்டி, எல்லாவற்றையும் அந்த ஒரே கம்ப்யூட்டரில் செருகிவிட்டால் நியூஜெர்சியில் இருந்தபடியே பார்க்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு சாயங்கால வேலை என்று நினைத்தது எட்டு நாள் இழுத்தது. சபா கேன்டீன் சாப்பாடு இரண்டு முறை தவறியதுதான் இன்னும் வருத்தம்.

முதல் நாளே சிக்கல். இரண்டு கேமரா ஓடியது. மூன்றாவதைச் செருகினால் படமே இல்லை. ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப்பைக் குறை சொல்லிக் கொஞ்ச நேரம் போனது, அப்புறம்தான் உறைத்தது. யூஎஸ்பி 2.0-வின் மொத்தக் கொள்ளளவு நொடிக்கு 480 மெகாபிட். சுருக்காத 640 x 480 படம், நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு கேமராவே சுமார் 147 மெகாபிட் கேட்கும், அதையும் முன்கூட்டியே ஒதுக்கி வைத்துக்கொள்ளும். மொத்தத்தையும் கேமராக்களுக்கே கொடுக்கவும் முடியாது. பெட்டியின் முன்னால் இரண்டு, பின்னால் நாலு என்று எத்தனை போர்ட் இருந்தாலும், பழைய கம்ப்யூட்டர்களில் அவற்றில் பல உள்ளே ஒரே கன்ட்ரோலரில்தான் போய்ச் சேர்கின்றன. படத்தைச் சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக் முறைக்கு மாற்றி, ஃபிரேமைக் குறைத்ததும் மூன்றாவதும் வந்தது. ஹால் கேமராவில் மட்டும் கறுப்புப் பட்டைகள் அலையலையாக ஓடின. அது அமெரிக்க மின்சாரத்துக்கான 60 ஹெர்ட்ஸ் அமைப்பிலேயே இருந்தது; நம் டியூப்லைட் எரிவது 50 ஹெர்ட்ஸில். ஒரு அமைப்பை மாற்றியதும் பட்டை போய்விட்டது.

ஆனால் வாசலுக்கு வயர் எட்டவில்லை. மறுநாள் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். பத்து மீட்டர் யூஎஸ்பி வயர் கேட்டேன். கடைக்காரர் எடுக்கவே இல்லை.

"எதுக்கு சார்?"

சொன்னேன். சிரித்தார். "யூஎஸ்பி அஞ்சு மீட்டர்தான் சார் தாங்கும். நடுவுல பூஸ்டர் போட்ட வயர் இருக்கு, தரேன். ஆனா வெப்கேம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்றவங்களுக்குப் பண்ணது. ராத்திரி கண்ணு தெரியாது, மழை தாங்காது. வாசல்ல மாட்டினா வருஷா வருஷம் எங்கிட்டதான் வருவீங்க."

விற்க வேண்டியவர் வேண்டாம் என்கிறார். அந்த ஒரு காரணத்துக்காகவே அவரிடம் மூன்று ஐபி கேமரா வாங்கினேன். ஒரே நெட்வொர்க் வயரில் மின்சாரமும் படமும் போகும் பிஓஇ வகை. நூறு மீட்டர் வரை இழுக்கலாம். வெவ்வேறு நிறுவனக் கேமராக்களுக்கான பொது மொழியான ஆன்விஃப் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அது இருந்தால் பெரும்பாலான மென்பொருள்களில் சிக்கலில்லாமல் சேரும். வயர் சுருள் எடுத்தபோது அவர் செய்ததை மறக்க மாட்டேன். இரண்டு சுருளிலும் நுனியை உரித்து, உள்ளிருந்த கம்பியை பிளேடால் சுரண்டிக் காட்டினார். ஒன்றில் செம்பு நிறம் அப்படியே இருந்தது. இன்னொன்றில் இரண்டாவது சுரண்டலிலேயே வெள்ளை தெரிந்தது: மேலே செம்புப் பூச்சு, உள்ளே அலுமினியம். "இதுல கரண்டும் போகணும் சார், இது சூடாகும்" என்று அதைத் தூக்கி ஓரமாக வைத்தார். பார்வைக்கு இரண்டும் ஒரே நீல வயர்தான்.

மாட்ட வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னவர் பன்னிரண்டரைக்கு வந்தார், ஆனால் வேலை சுத்தம். வயர் வெளியே இறங்கும் இடத்தில் ஒரு வளைவு விட்டு மாட்டினார், மழைத்தண்ணீர் வயர் வழியாக ஓடி உள்ளே போகாமல் அங்கேயே சொட்டிவிடுமாம். வாசல் கேமராவைத் திருப்பும்போது எதிர்வீட்டு மாமி வெளியே வந்து, "என் வீட்டு வராண்டா தெரியுதா இதுல?" என்றார். தெரிந்தது. மென்பொருளில் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைத்து, மாமியையே கூப்பிட்டுத் திரையில் காட்டினேன். இதே மாமிதான் ஏ.கே.விஸ்வநாதன் சென்னை போலீஸ் கமிஷனராக இருந்தபோது, 'மூன்றாவது கண்' என்று ஊரெல்லாம் கேமரா வைத்த சமயத்தில், தெருமுனைக் கம்பத்துக் கேமராவுக்கு முதல் ஆளாகப் பணம் கொடுத்தவர். தெருவுக்குக் கண் வேண்டும், வராண்டாவுக்கு வேண்டாம். நியாயம்தானே.

கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 இருந்தது. அதற்கு ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டதால் அதற்குப் பதில் உபுண்டு லினக்ஸ் போட்டு, அதன்மேல் கேமராப் படங்களைப் பார்க்கவும் பதியவும் உதவும் ஏஜென்ட் டிவிஆர் மென்பொருளை நிறுவினேன். யூஎஸ்பி வெப்கேம், ஐபி கேமரா இரண்டையும் ஒரே திரையில் சேர்த்துக்கொள்கிறது. முதலில் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது, மின்விசிறிச் சத்தம் சமையலறை வரை கேட்டது. சுருக்கி வரும் நாலு படத்தையும் முழு அளவில் விரித்துப் பார்த்து அசைவு தேடினால் பழைய பெட்டி என்ன செய்யும்? ஐபி கேமரா தரும் சின்ன அளவு வீடியோ ஓடையை அசைவு பார்க்கவும், பெரிய ஓடையை விரிக்காமல் அப்படியே பதியவும் பிரித்துக் கொடுத்தேன், அமைதியானது. ஒரு ஐபி கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் நாளைக்கு 21.6 ஜிபி. மூன்றுக்கு 65 ஜிபி. 2 டிபி டிஸ்க்கில் ஒரு மாதம் நிற்கும். ஹாலில் மட்டும் என் வெப்கேம், அசைந்தால்தான் பதியும். மீதி மூன்று வெப்கேமும் பெட்டியில் ஏறித் திரும்பி வந்தன.

வெளியிலிருந்து பார்ப்பதுதான் பெரும்பாடு. வெளியிலிருந்து வருவதை ரூட்டர் உள்ளே அந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும்படி போர்ட் ஃபார்வர்டிங் செய்தேன், ஒன்றும் திறக்கவில்லை. இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் மூன்று பேர் மூன்று முறை ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். ரூட்டருக்குள் போய்ப் பார்த்தால் முகவரி 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை என்றால் அது நம் வீட்டுக்கென்று தந்த பொது முகவரி இல்லை. பல வீடுகள் ஒரு பொது முகவரியைப் பங்குபோட்டுக்கொள்கின்றன, வெளியிலிருந்து கதவு தட்ட வழியே கிடையாது. இதை முதல் ஆளே சொல்லியிருந்தால் இரண்டு நாள் மிச்சம். தூரத்தில் இருக்கும் கருவிகளை ஒரே தனி நெட்வொர்க்கில் சேர்க்கும் டெய்ல்ஸ்கேலை அந்தக் கம்ப்யூட்டரிலும் என் போனிலும் போட்டேன், பத்து நிமிடத்தில் படம் வந்தது. கேமராக்களை இணையத்துக்கு நேரே திறந்து வைக்காததும் நல்லதே.

மின்சாரம் எலக்ட்ரீஷியன் அண்ணனின் பங்கு. பராமரிப்பு என்று காலை 9 முதல் மதியம் 2 வரை கரண்ட் எடுக்கும் நாளில் கம்ப்யூட்டர் படுத்துவிடும், ஏனென்றால் அந்த பிளக் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. லைனை மாற்றினார். அப்படியும் கரண்ட் போன நொடியில் கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. அவர் இன்வெர்ட்டரின் பின்பக்கம் கையை விட்டு ஒரு குட்டி சுவிட்சைத் தள்ளினார். யூபிஎஸ் மோட்: கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் அணையாத வேகத்தில் பேட்டரிக்கு மாறும். அப்புறம் அணையவில்லை. அந்த சுவிட்ச் அங்கே இருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஊர் திரும்பிய பிறகு, மதியம் மூன்றரை மணி மீட்டிங்கில் போன் துடித்தது. கொல்லையில் அசைவு. சென்னையில் அப்போது இரவு இரண்டு. பதறித் திறந்தால் திரை முழுக்க ஒரு பல்லியின் வயிறு. கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்குப் பல்லி வருகிறது. அப்பாவிடம் சொன்னேன். "உச்சந்தலையில விழுந்தா என்ன பலன்னு பஞ்சாங்கத்துல இருக்கு, கேமரா மேல விழுந்தா போடலையேடா" என்றார்.

அடுத்த வாரம் தினமும் இரவு பத்தரைக்கு நாலு கேமராவும் ஒன்றாக இருண்டன, காலை ஐந்தரைக்கு எழுந்தன. இணைய நிறுவனத்தைத் திட்டிக்கொண்டே போன் போட்டேன்.

"தூங்கப் போறப்ப சுவிட்ச் போர்டெல்லாம் அணைக்கணும்னு உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானேடா" என்றார் அப்பா.

எலக்ட்ரீஷியன் அண்ணன் மறுபடி வந்து, அந்த ஒரு சுவிட்சை எடுத்துவிட்டு பிளக்கை நேராக இணைத்து, போர்டில் டேப் ஒட்டிவிட்டுப் போனார். டேப்பின் மேல் அப்பாவே பேனாவால் எழுதியிருக்கிறார், ஹால் கேமராவில் தெளிவாகத் தெரிகிறது: 'அணைக்கக் கூடாது. உத்தரவு: பையன்.'