இலவச ரிமோட் மென்பொருளுக்கு 280 வெள்ளி: பினாங்குக் கடைக்காரர்கள் கவனத்திற்கு

ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடை. கணக்கு கம்ப்யூட்டர் கடையில், முதலாளியின் வீடு அக்கரையில் பட்டர்வொர்த்தில். ராத்திரி வீட்டிலிருந்தே கணக்கைப் பார்க்க வழி கேட்டு ஒரு சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டார். வந்தவர் பென்டிரைவிலிருந்து எனிடெஸ்க்கை (வேறு இடத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் மென்பொருள்) ஏற்றி, "லைஃப்டைம் லைசென்ஸ் அண்ணே" என்று சொல்லி 280 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு போனார்.

அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது. எனிடெஸ்க், அதே வேலையைச் செய்யும் டீம்வியூவர் இரண்டும் சொந்த உபயோகத்துக்குத்தான் இலவசம். வியாபாரத்துக்கு என்றால் சந்தா கட்ட வேண்டும். கடையில் இலவசப் பதிப்பை ஓட்டினால், இது வணிகப் பயன்பாடு என்று மென்பொருளே மோப்பம் பிடித்து இணைப்பைப் பாதியில் அறுத்துவிடக்கூடும். வந்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை.

முதல் வாரத்திலேயே ராத்திரி இணைப்பு கிடைக்கவில்லை. "சர்வர் பிரச்சினை" என்று மறுபடி வந்து 60 வெள்ளி வாங்கினார். சர்வருக்கு ஒன்றும் இல்லை, கம்ப்யூட்டர் தூங்கப் போய்விட்டது, அவ்வளவுதான். செட்டிங்ஸில் பவர் பகுதிக்குப் போய், மின்சாரத்தில் இருக்கும்போது ஸ்லீப் 'நெவர்' என்று வைத்தால் தீரும் விஷயம். திரை அணைந்தால் பரவாயில்லை, கம்ப்யூட்டர் தூங்கக் கூடாது. இன்னொன்று: மென்பொருளை இன்ஸ்டால் செய்யாமல் வெறுமனே திறந்து மட்டும் வைத்திருந்தால், ரீஸ்டார்ட் ஆனபின் அது தானாக ஓடாது. கரண்ட் போய் வந்த மறுநாள் "வேலை செய்யவில்லை" என்பதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

காசு போனதுகூடப் பெரிதில்லை. ஆளில்லாதபோதும் உள்ளே வர ஒரு நிரந்தர பாஸ்வர்டு உண்டு. அதை அமைத்தவர் அந்த ஆள், முதலாளியிடம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தார். ஆக, கடைச் சாவியின் நகல் ஒன்று அவரிடமே இருக்கிறது.

யார் வந்து போனார்கள் என்று பார்க்க ஒரு வழி உண்டு. சி டிரைவில் 'புரோகிராம் டேட்டா' என்ற ஃபோல்டர் மறைந்திருக்கும். அதற்குள் எனிடெஸ்க் ஃபோல்டரில் 'கனெக்‌ஷன் டிரேஸ்' என்ற கோப்பை நோட்பேடில் திறங்கள். ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், வந்தவரின் எனிடெஸ்க் எண் இருக்கும். நடுவில் 'யூசர்' என்றிருந்தால், கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் அனுமதி கொடுத்தார். 'பாஸ்வேர்டு' என்பதன் சுருக்கம் இருந்தால், யாரையும் கேட்காமல் பாஸ்வர்டு போட்டு வந்தார்கள். 'டோக்கன்' என்றால், பாஸ்வர்டைச் சேமித்து வைத்துவிட்டு வந்தார்கள். இந்தக் கடையின் கோப்பில் முதலாளியுடையது அல்லாத ஓர் எண்ணிலிருந்து பாஸ்வர்டு வரிகள் இருந்தன, கடை மூடிய நேரத்தில். உங்கள் கோப்பிலும் அப்படி இருந்தால் பாஸ்வர்டை மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள், பாதுகாப்பு செட்டிங்கில் டோக்கன்களையும் அழியுங்கள்.

பென்டிரைவில் வந்த கோப்பும் பழசு. ரைட் கிளிக் செய்து, புராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர் பார்த்தால், 'பிலாண்ட்ரோ சாஃப்ட்வேர்' என்று கையெழுத்து. அது எனிடெஸ்க் நிறுவனத்தின் பழைய பெயர். தங்கள் சிஸ்டத்துக்குள் ஊடுருவல் நடந்ததாக எனிடெஸ்க் 2024 பிப்ரவரியில் அறிவித்தபின் அந்தப் பழைய சான்றிதழ் கைவிடப்பட்டது. புதியதில் 'எனிடெஸ்க் சாஃப்ட்வேர்' என்றே இருக்கும். எதையும் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து நீங்களே இறக்குங்கள். கூகுளில் தேடும்போது மேலே வரும் விளம்பரங்களில் போலித் தளங்களும் கலந்திருக்கும்.

சரி, கடைக்கு எது? எங்கள் தேர்வு குரோம் ரிமோட் டெஸ்க்டாப். காசு கேட்பதில்லை, கூகுள் கணக்கோடு குறைந்தது 6 இலக்கப் பின் எண்ணும் வேண்டும். ஆனால் அதை அமைக்கும்போது குரோமில் லாகின் ஆகியிருப்பது உங்கள் கணக்குதானா என்று பாருங்கள். சர்வீஸ் ஆள் தன் கணக்கில் அமைத்தால் கடைக் கம்ப்யூட்டர் அவருடைய பட்டியலில் போய் உட்கார்ந்துவிடும். கூகுள் கணக்கில் இரண்டு-கட்டச் சரிபார்ப்பையும் போட்டு வையுங்கள்.

கொஞ்சம் கைவேலை தெரிந்தவர்களுக்கு ரஸ்ட்டெஸ்க். திறந்தமூல மென்பொருள், சர்வரையும் நீங்களே நடத்தலாம். அதற்கு டிசிபி 21115 முதல் 21117 வரையும் யுடிபி 21116-உம் ஆகிய போர்ட்டுகள் (இணைப்பு நுழையும் வாசல்கள்; டிசிபி, யுடிபி இரண்டும் அவற்றின் வகைகள்) திறந்திருக்க வேண்டும். சர்வரின் சாவியை ('கீ' என்ற எழுத்துக் கோவை) இரண்டு பக்கமும் ஒட்டாவிட்டால் இணையாது. பெரும்பாலோர் தடுக்குவது யுடிபியை மறப்பதில்தான்.

எப்போதாவது ஒருமுறை உதவி என்றால் விண்டோஸோடு வரும் குவிக் அசிஸ்ட் போதும். விண்டோஸ், கண்ட்ரோல், கியூ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். குறியீடு சற்று நேரத்தில் காலாவதியாகும், ஆளில்லாமல் உள்ளே வரவும் முடியாது. நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டி வரும்போது உதவுபவருக்குத் திரை கறுப்பாகத் தெரியும். அது பழுதில்லை. அந்தப் பெட்டிக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

"ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவிடுகிறேன், வேறெதுவும் வேண்டாம்" என்று யாராவது சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அது விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் நுழையும் வாசல். திறந்து கிடக்கும் அந்தப் போர்ட்டைத் தேடிப் பாஸ்வர்டுகளைப் போட்டுப் பார்ப்பதற்கென்றே இணையத்தில் நிரல்கள் இரவும் பகலும் ஓடுகின்றன.

வேண்டாத ஆள் ஏற்கெனவே உள்ளே வந்திருந்தால் முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள். மேலே சொன்ன 'கனெக்‌ஷன் டிரேஸ்' கோப்பை நகலெடுத்த பிறகே மென்பொருளை நீக்குங்கள், நீக்கினால் தடயமும் போகலாம். வங்கிப் பாஸ்வர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும் மோசடிப் புகாருக்கான 997-க்கும் அப்போதே அழையுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.