ஜிஐ ஜோ இடுப்பு ரப்பரும் நானும்: மூன்று வருட அனுபவம்

பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்த நண்பன் அம்மாபேட்டை வீட்டுப் பரணைக் காலி பண்ணும்போது பழைய ஜிஐ ஜோ சிப்பாய் பொம்மை டப்பா ஒன்று கிடைத்திருக்கிறது. "மாப்ள, எல்லாம் இடுப்போட கழண்டு கிடக்குடா. நீ வாங்குன அந்த ரிப்பேர் செட்டு 349-லருந்து 199-க்கு இறங்கியிருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டான். செட்டு என்றால் ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு இடுக்கி, பசை, இடுப்புக்கு முப்பது ரப்பர் வளையம். ஒரு வரியில் சொல்ல முடியவில்லை, அதனால் மூன்று வருடம் அதை வைத்து மாரடித்த கதையை முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருக்கும் பதினாறும் ஃபன்ஸ்கூல் போட்டவை. எம்ஆர்எஃபும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல் ஆரம்பித்த கம்பெனி, கோவாவில் தொழிற்சாலை. அமெரிக்காவில் 1982-ல் வந்த அதே 3.75 அங்குல பொம்மை, உள்ளே அதே அமைப்பு, நிறம் மட்டும் பல பொம்மைகளுக்கு நம்மூர் இஷ்டம். சின்ன வயதில் படத்தில் ஒரு நிறம் கையில் ஒரு நிறம் என்று அழுதிருக்கிறேன், இப்போது அந்த மாறுபட்ட நிறத்துக்காகவே வெளிநாட்டுக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள்.

முதுகில் இருக்கும் ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் மார்பு இரண்டாகப் பிரியும், தலையும் கைகளும் தானாக விழும். நடுவில் ஒரு ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங். கீழே கால்களைப் பிடித்திருக்கும் இரும்புக் கொக்கியில் ஒரு முனை, இடுப்புத் துண்டு வழியாக மேலே வந்து ஸ்க்ரூ ஏறும் தண்டில் மறு முனை. மொத்த ஆளும் அந்த வளையத்தின் இழுவையில்தான் நிற்கிறான். அது தளர்ந்தால் குடிகாரன் மாதிரி ஆடுவான், அறுந்தால் இரண்டு துண்டு.

செட்டில் வந்த ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை மனசாரப் பாராட்ட வேண்டும். முப்பது வருடத் துரு ஏறிய ஸ்க்ரூவைக்கூட தலையைச் சிதைக்காமல் கழற்றியது. இடுக்கியும் நல்ல இடுக்கிதான், என் அம்மா இப்போது அதில்தான் முள் எடுக்கிறார். பசையைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை, உடனடிப் பசை எல்லாமே ஒரே ஜாதி, ஒட்டிய சூட்டோடு மூடிய டப்பாவில் வைத்தால் ஆவி படிந்து பொம்மை முகத்தில் திருநீறு பூசிவிடும்.

என் சண்டையெல்லாம் அந்த முப்பது கறுப்பு வளையங்களோடுதான். மாட்டிய அன்று பதினாறு பேரும் போலீஸ் கிரவுண்டு அணிவகுப்பு போல விறைப்பாக நின்றார்கள். இரண்டாவது கோடையில், நள்ளிரவில் அலமாரியிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். பல்லி என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் ஒருவன் இடுப்புக்கு மேல் தனியாக. அடுத்த ஒரு மாதத்தில் இன்னும் ஐந்து பேர். மிச்சமிருந்த வளையங்களை நகத்தால் வளைத்துப் பார்த்தேன், பாக்கெட்டில் இருந்தது நன்றாகவே இருந்தது, பொம்மைக்குள் இருந்ததில் மட்டும் மயிரிழை வெடிப்புகள்.

அப்போதுதான் புரிந்தது. குழாய்க்கும் மோட்டாருக்கும் போடும் இந்த வகை வளையம் பெரும்பாலும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர். எண்ணெயைத் தாங்கும், காற்றிலுள்ள ஓசோனைத் தாங்காது, அதுவும் இழுத்து நிற்கும்போது சீக்கிரம் வெடிக்கும். நானோ வெயில் அடிக்கும் மேற்குச் சுவரில் அலமாரி வைத்து, சேலத்து ஏப்ரலில், இருபத்துநாலு மணி நேரமும் இழுத்தபடி நிறுத்தியிருந்தேன். சரி, பாதித் தப்பு என்னுடையது. சிலிக்கான் வளையமும் போட்டுப் பார்த்தேன், அது வெடிக்காது, ஆனால் கொக்கியின் கூர்முனை பட்டதும் துணி மாதிரி கிழிந்தது.

கடைசியில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பம்பு சாமான் கடையில் நின்றேன். "எந்த மோட்டாருக்குங்க?" என்றார். பொம்மைக்கு என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு டப்பா நிறைய வளையத்தைக் கவிழ்த்தார். அங்கே ஒரு பாடம்: பழைய வளையத்தை அளந்துகொண்டு போகாதீர்கள், அது வருடக்கணக்கில் இழுபட்டுப் பெரிதாகியிருக்கும், அந்த அளவில் வாங்கினால் மாட்டும்போதே தளரும். தடிமன் கூடினாலும் வம்பு, இடுப்புத் துண்டின் கவட்டை உடைந்துவிடும், எனக்கு இரண்டு போனது. ஒவ்வொரு அளவிலும் நாலு வாங்கிப் போட்டுப் பார்த்துத்தான் சரியானது கிடைத்தது, ஒன்று மூன்று ரூபாய்.

செட்டுக்காரர்கள் மறந்த இன்னொன்று, கொக்கி. ரப்பர் அறுந்தால் முதலில் தொலைவது அதுதான், செட்டில் ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் தெருவில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன்தான் காப்பாற்றினார். "வெள்ளியிலேயே வளைச்சுத் தரட்டுமா தம்பி?" என்று சிரித்தார். வெள்ளி இழுவைக்கு நிமிர்ந்துவிடும் என்று அவரே எஃகுக் கம்பி தேடி, குறடால் இரண்டே நிமிடத்தில் வளைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, அவர் மகனுக்கு ஒரு பொம்மை கொடுத்தேன், அதன் கட்டை விரல் ஒரே நாளில் போனது. துப்பாக்கியைத் திணிக்கும் முன் பொம்மையின் கையை வெந்நீரில் கொஞ்சம் காட்ட வேண்டும், இதை அவனுக்கு நான் சொல்லவில்லை.

ஆக, ஸ்க்ரூ டிரைவருக்கே 199 தரலாம், வளையத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளூரில் வாங்கிக்கொள், நாலு நட்சத்திரம். இப்படித்தான் முடிப்பதாக இருந்தேன். நேற்று ராத்திரி எழுதிக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் 'டப்'. செட்டு வளையத்தோடு இன்னும் நின்றுகொண்டிருந்த கடைசி ஆள். கொக்கி கட்டிலுக்கு அடியில் எங்கோ போய்விட்டது, டார்ச்சோடு தரையில் படுத்து, பழைய ஸ்பீக்கர் காந்தத்தை விளக்குமாற்றில் கட்டித் துழாவி, பதினொன்றரை மணிக்கு எடுத்தேன். அது எஃகு, அதனால் ஒட்டியது.

ஒரு நட்சத்திரம். வாங்காதடா.