6 அடி 4 அங்குல ஆள் தனியாகக் குடியிருக்க எந்தக் கேட்டமரான்?

கேட்டமரான் என்பது இரண்டு ஹல் (மிதக்கும் உடல்) கொண்ட பாய்மரப் படகு. அதிலேயே குடியிருக்க நினைப்பவர்களின் கண் முதலில் போவது நடுக்கூடத்துக்குத்தான். சோபா, பெரிய ஜன்னல், மூன்று பக்கமும் கடல். உயரமான ஆள், அதுவும் துணைக்கு ஆளில்லாமல் ஓட்டப் போகிறவர், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சமைக்கும் இடத்தில் நிமிர்ந்து நிற்க முடியுமா, கரையில் ஒற்றை ஆளாகக் கட்ட முடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் கோடையைக் கழித்துவிட்டு, கரையோரக் கால்வாய்கள் வழியே தெற்கே இறங்கி, குளிர்காலத்துக்கு பஹாமாஸ் போவது பலருக்கும் வழக்கமான பாதை. அந்தப் பாதைக்கு, பழைய படகுச் சந்தையில் கிடைப்பவற்றை வைத்தே பேசுகிறேன்.

சின்ன கேட்டமரானில் தலை இடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. நடுக்கூடம் இரண்டு ஹல்களையும் இணைக்கும் தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உயரம் வேண்டும் என்று தரையைத் தாழ்த்தினால் அலை அடியிலிருந்து மடேரென்று அறையும். கூரையை உயர்த்தினால் காற்று பிடிக்கும், பூமும் (பாயின் அடிப்பக்கத்தைத் தாங்கும் கிடைக்கம்பு) மேலே போக வேண்டும். 35 அடி நீளத்துக்குள் இந்த இரண்டையும் சமாளித்த படகு அபூர்வம். ஹல்லுக்குள் அந்தச் சிக்கல் குறைவு; அங்கே தரை நீர்மட்டத்துக்கும் கீழே. அதனால் சமையலறை ஹல்லுக்குள் இருக்கும் படகு உயரமானவருக்கு லாபம். நின்று செய்கிற வேலையெல்லாம் கீழே, நடுக்கூடம் உட்கார மட்டும்.

ஜெமினி 105எம்சி அப்படிப்பட்டது. மேரிலாந்தில் கட்டியது, முப்பத்து மூன்றரை அடி நீளம். அகலம் 14 அடிதான், அதுதான் இதன் பெரிய பலம். சாதாரண ஒற்றை ஹல் படகுக்கான இடத்திலேயே நிறுத்திவிடலாம். அகலமான கேட்டமரானுக்குப் பல மரீனாக்களில் (படகு நிறுத்துமிடங்களில்) ஒன்றரை மடங்கு வாடகை கேட்பார்கள். வருஷம் முழுக்கக் குடியிருப்பவருக்கு அது சின்னத் தொகை இல்லை. ஹல்லுக்கு அடியில் இறங்கி நிற்கும் நடுப்பலகைகளைத் தூக்கிவிட்டால் ஒன்றரை அடித் தண்ணீர் போதும், பஹாமாஸ் மணல்திட்டுகளுக்கு அருமை. எஞ்சின் ஒன்றுதான் என்றாலும் அதன் கால் (உந்துவிசிறி பொருத்திய கீழ்ப்பகுதி) சுக்கானோடு சேர்ந்து திரும்புவதால் துறையில் திருப்புவது எளிது. குறை, எடை தாங்காது. படகே ஏறத்தாழ 4 டன்தான். பேட்டரி, குடிநீர், கருவிப்பெட்டி, நங்கூரச் சங்கிலி என்று ஏற்றிக்கொண்டே போனால் ஏற்கெனவே தாழ்வான நடுத்தளம் இன்னும் இறங்கும். செசபீக்கின் குட்டையான எதிரலையில் அடியிலிருந்து விழும் ஒவ்வொரு அடியும் பல்லில் தெரியும்.

ப்ரௌட் ஸ்னோகூஸ் 37 இங்கிலாந்தின் கான்வி தீவில் பிறந்தது. பாய்மரம் பின்தள்ளி, காக்பிட்டுக்கு (சுக்கான் பிடிக்கும் இடம்) பக்கத்திலேயே நிற்கும். மெயின் பாய், அதாவது மரத்துக்குப் பின்னால் கட்டும் பாய், சின்னது. இழுவையெல்லாம் சுருட்டி வைக்கும் முன்பாயில். காற்று மிஞ்சும்போது கேட்டமரான் ஒற்றை ஹல் படகுபோல் சாய்ந்து எச்சரிக்காது, காற்றுமானியின் எண்ணைப் பார்த்துத்தான் பாயைக் குறைக்க வேண்டும். நள்ளிரவில் அதைத் தனியாகச் செய்பவருக்கு காக்பிட்டை விட்டு நகர வேண்டாம் என்பது உயிர்காக்கும் வசதி. காற்றுக்கு எதிராக ஏறுவதில் மந்தம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுக்கூடக் கூரை தாழ்வு. 6 அடி 4 அங்குலக்காரர் அங்கே தினமும் குனிந்துதான் நடக்க வேண்டும்.

லகூன் 380 எதிர்த்திசை. நேராக நிற்கும் ஜன்னல்கள், மேலேயே சமையலறை, நல்ல தலையுயரம். நீளம் 11.55 மீட்டர், அகலம் 6.53 மீட்டர், எடை 7 டன்னுக்கு மேல். எஞ்சின்கள் இரண்டும் தள்ளித் தள்ளி இருப்பதால் நின்ற இடத்திலேயே சுழற்றலாம். ஆனால் பக்கக்காற்று அடிக்கும்போது கயிறு வாங்க ஆளில்லாமல் துறையில் ஒட்டுவது பதற்றமான வேலை. மெயின் பாயும் கனம்; மின் வின்ச் (கயிறு இழுக்கும் உருளை) இல்லாத படகைத் தனி ஆள் வாங்க வேண்டாம். பூம் உயரத்தில் இருக்கிறது. பாயை மடித்துப் பையில் போட மற்றவர்கள் எக்கித் தவிக்கும் இடத்தில் நெட்டையானவருக்குக் கை எட்டும்.

ஜேம்ஸ் வார்ரம் வடிவமைத்த டிக்கி 38 எனக்கு மிகவும் பிடித்த படகு. கயிற்றால் பிணைத்த ஹல்கள், எதையும் நாமே பழுதுபார்க்கலாம். ஆனால் ஒரு ஹல்லிலிருந்து இன்னொன்றுக்குப் போக மழையிலும் திறந்த தளத்தைத்தான் கடக்க வேண்டும். தோள் அகலமான ஆளுக்கு உள்ளே இடமும் ஒடுக்கம். கோர்சேர் எஃப்-27 மாதிரி மடக்கும் டிரைமரான்களில் (மூன்று ஹல் படகுகள்) நிமிர்ந்தே நிற்க முடியாது, குடியிருக்க அவை வேண்டாம்.

ஆள் 6 அடி 1 அங்குலத்துக்குள் என்றால் ஜெமினியைத் தயங்காமல் சொல்வேன். 6 அடி 4 அங்குலம் என்றால், பணமும் மரீனாவுக்குப் போகாமல் நங்கூரத்திலேயே தங்கும் மனமும் இருந்தால் லகூன். பணம் இடித்தால் திரும்பவும் ஜெமினிதான், சாமானைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு.

எதுவானாலும் விற்பவர் சொல்லும் தலையுயரத்தை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். எந்த இடத்தில் அளந்தது என்று கேளுங்கள். காலணியோடு பாத்திரத் தொட்டி முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். தலையணை வைத்துக் கால் நீட்டிப் படுத்துப் பாருங்கள். சுக்கானைப் பிடித்தபடி, கூரைவிளிம்பு கண்ணை மறைக்காமல் இரண்டு ஹல்களின் முன்முனைகளும் தெரிகிறதா என்றும் பாருங்கள்.